எங்கள் பட்டறையில் கவனக்குறைவு கிடையாது

உங்கள் அலுவலகத்தில் வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அம்மா. நேற்று வந்தபோதே கவனித்தேன். இன்று நீங்கள் தேநீர் சொல்லப் போன நேரத்தில், எனக்குப் படிக்கக் கொடுத்த வரைவு அறிக்கையின் கடைசித் தாளை நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். இப்போது ஆடவில்லை. தாளுக்காக வருத்தப்பட வேண்டாம். அதை எப்படியும் நீங்கள் மாற்றித்தான் எழுத வேண்டும்.

அதில் இருந்ததை மனப்பாடமாகவே சொல்கிறேன். 'சிறுவர் பிரிவு வண்டிக்குரிய காற்றுத்தடை வளையம் ஒன்று, பட்டறையின் கவனக்குறைவால் பெரியவர் பிரிவு வண்டியில் தங்கிவிட்டது. அதனால் வளைவில் வேகமெடுக்க முடியாமல் வண்டி திணறியபோது பின்னால் வந்த வண்டி மோதியது.' பந்தயச் சங்கத்தின் ஆய்வாளர் என்ற முறையில் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எங்கள் பட்டறையை என் அப்பா தொடங்கி ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அங்கே கவனக்குறைவால் ஒரு நட்டுகூட எந்த வண்டியிலும் தங்கியதில்லை. வளையமும் தங்கவில்லை. நான் வைத்தேன்.

அது என்ன வளையம் என்பது உங்களுக்குத் தெரியும். அறிக்கையைப் படிக்கப்போகிறவர்கள் எல்லோரும் கோ-கார்ட் என்ற இந்தக் குட்டிப் பந்தய வண்டியை ஓட்டியவர்கள் அல்ல என்பதால் சொல்கிறேன். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் ஒரு துளை. துளை சிறுத்தால் இன்ஜினுக்குப் போகும் காற்று குறையும். காற்று குறைந்தால் பிக்கப் போய்விடும். ஊசி இடம் கொடுத்தால்தானே நூல் நுழையும். சிறு பிள்ளைகள் ஓட்டும் வண்டி துள்ளி ஓடாமல் இருக்க இப்படி வைப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். என் மருமகளுக்கு வயது முப்பத்திமூன்று என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

எங்கள் பட்டறைக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரில் இருக்கும் தகரப் பலகையை. அதில் என் பெயரும் '41.3' என்ற எண்ணும் இருக்கும். முப்பத்தெட்டு வருடம் முன்பு நம் ஓடுதளத்தில் நான் ஒரு சுற்று ஓடிய நேரம், விநாடியில். எங்கள் பிரிவில் இன்றுவரை அதே பழைய மாதிரி இன்ஜின், அதே டயர். வண்டி மாறாது, ஆள்தான் மாறும். அந்த எண்ணை யாரும் தாண்டியதில்லை. எங்கள் குடும்பத்துக்கு நிலம் கிடையாது, பட்டம் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி அழகும் கிடையாது. அந்த எண் உண்டு. அப்பா கண் மூடும்முன் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "பலகையப் பாத்துக்க." அம்மாவைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை.

மருமகள் கல்யாணமாகி வந்தபோது கார்ட் வண்டியைக் கண்டு சிரித்தவள். "என்ன மாமா, நாற்காலிக்கு நாலு சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாவது வருடம் ஓட்ட ஆரம்பித்தாள். ஐந்தாவது வருடம் என் மகன் தன் ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்துவிட்டு டயருக்குக் காற்றழுத்தம் பார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டான். அவனிடம் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான், தன் இடம் தெரிந்தவன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அவள் 41.4 ஓடினாள். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தது என் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவர்தான். எங்கள் வண்டிகளுக்கு நேரம் எடுப்பது முப்பத்தேழு வருடமாக அவன் வேலை. கடிகாரத்தைக் குழந்தையைத் தூக்கிக் காட்டுவதுபோல் எல்லோருக்கும் காட்டினான்.

"அண்ணே, பாத்தீங்களா? இன்னும் ரெண்டு புள்ளி. உங்களத் தாண்டிருவா."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கடைசியாகத் தட்டி நிறுத்தியவன் நான்தான், சாட்சிகளைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வளையத்தை வைத்தேன். ஒளித்து மறைத்து அல்ல. பட்டப்பகலில், பட்டறை நடுவில், எல்லோரும் இருக்கும்போது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கார்புரேட்டரை இன்ஜினோடு பொருத்துவது குடும்பத்தில் மூத்தவர் மட்டும் செய்யும் வேலை. அவர் இரண்டு போல்ட்டையும் முறுக்கி, அவற்றின் தலையில் சிவப்புப் பெயின்டால் ஒவ்வொரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்ததை வேறு யாரும் தொடக்கூடாது. அவர் வேலை முடிக்கும்வரை மற்றவர்கள் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கும், அதை யாரும் பார்க்கக்கூடாது என்று ஆரம்பித்ததாக இருக்கலாம். எப்படி ஆரம்பித்தாலும் மரியாதை மரியாதைதான். அன்றும் என் மகன், தம்பி, மெக்கானிக், மருமகள் நாலு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பத்து நிமிடம். மருமகளுக்குத் தும்மல் வந்ததுகூட நினைவிருக்கிறது. "நல்லாயிரும்மா" என்றேன்.

அடுத்த பயிற்சியில் 42.6.

"மாமா, பெடல மிதிச்சா மனு குடுத்த மாதிரி இருக்கு" என்றாள் வண்டியை விட்டு இறங்கி. "வாங்கி வச்சுக்குது. அப்புறமா யோசிச்சு பதில் சொல்லுது."

"பாப்போம்மா" என்றேன்.

பார்த்தார்கள். எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம், அவன் மனைவி உட்பட. இருபத்திரண்டு வருடமாக எங்களிடம் இருந்தவன். முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், புதிது போட்டான். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். கிளச் வழுக்குகிறதோ என்று பிரித்து, வழுக்கவில்லை என்று மூடினான். செயினைத் தளர்த்தினான், பிறகு இறுக்கினான். பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதோ என்று பின் அச்சைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது என் மகனைப்போல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. சைலன்சரைக் கழற்றி ஊதிப் பார்த்தார்கள். பின் பல்சக்கரத்தில் இரண்டு பல் கூட்டினார்கள். கிளம்பும்போது கொஞ்சம் துடிப்பு வந்தது, நேர்ப்பாதையில் மூச்சு நின்றது. சட்டியில் இல்லாததை அகப்பை எங்கிருந்து கொண்டுவரும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அவர்கள் தொடாத இடம் இரண்டு சிவப்புப் பொட்டு மட்டும்தான். திருடன் எங்கே என்று வீடு முழுக்கத் தேடிவிட்டு, பெரியவர் உட்கார்ந்திருக்கும் கட்டிலுக்குக் கீழே மட்டும் குனிந்து பார்க்காத வீடு எங்களுடையது. அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பெருமைதான். எத்தனை குடும்பங்களில் இந்த ஒழுக்கம் மிச்சம் இருக்கிறது?

பிறகு என் மகன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு, "வண்டில ஒண்ணுமில்லன்னா, ஓட்டுற ஆளு வெயிட்டா இருக்கலாம்ல?" என்றான். மருமகள் மறுநாளிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஒரு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது மணிக்கட்டில் வளையல் முழங்கைவரை ஓடியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மாமனார் தலையிடுவது நல்ல குடும்பத்துக்கு அழகல்ல.

ஸ்பேனர்தான் கடைசியில் நெருங்கி வந்தான். அவன் காதை இன்ஜின் பக்கம் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்தான்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்குக் காத்து பத்தல."

"அப்படியா?"

"மூக்கடைச்சவன் ஓடுற மாதிரி ஓடுது. எல்லாத்தையும் பாத்தாச்சு. கார்புரேட்டர மட்டும் நீங்க ஒரு தடவ கழட்டிப் பாத்தா..."

"நான் சரியா வைக்கலன்னு சொல்றியா?"

"ஐயோ, அப்படிச் சொல்வனா. வச்சது சரிதான். தூசி கீசி போயிருக்குமோன்னு."

நல்ல மெக்கானிக். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அவன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவன் சாப்பிடப் போனபோது ஒரு பொட்டின் பெயின்டை நகத்தால் லேசாகச் சுரண்டிவிட்டு மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. பெயர் சொல்வது எனக்குப் பிடிக்காது. மகனே ஊகித்துக்கொண்டான். அன்று மாலையே ஸ்பேனர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது என் முன் வந்து நின்று, "நான் தொடலங்க" என்றான். "தெரியும்" என்றேன். நான் பொய் சொல்வதில்லை. இப்போது ஒரு பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று அடிக்கிறான். காற்றைப் பற்றித் தெரிந்தவன், தொழில் மாறவில்லை.

நேற்று நீங்கள் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டீர்கள். பொட்டைத் தொட்டவன் என்று பெயர் எடுத்தவனைச் சேர்த்துக்கொண்டால் பட்டறையின் பெயர் என்ன ஆவது? யோசித்துப் பாருங்கள்.

இதற்குள் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வண்டி வேகம் கொடுக்காததால் மருமகள் வேகத்தை விட்டுக்கொடுக்காமல் ஓட்டப் பழகிக்கொண்டாள். வளைவில் எல்லோரும் பிரேக் மிதிக்கும் இடத்தில் அவள் மிதிப்பதில்லை. இழந்த வேகத்தை இன்ஜின் திருப்பித் தராது என்பதால், இழப்பதே இல்லை என்று முடிவு செய்துவிட்டாள். 42.6 என்பது 42 ஆனது. 41.8 ஆனது. துளையை நான் அளக்க முடியும். பிடிவாதத்தை எந்தக் கருவியால் அளப்பது?

பந்தய நாள் காலையில் தகுதிச் சுற்று. அவள் ஓடி முடித்ததும் தம்பி கடிகாரத்தைப் பார்த்தான், உங்கள் சங்கத்தின் மின் பலகையைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டிலும் ஒரே எண். 41.3.

மகன் அவளைத் தூக்கிச் சுற்றினான். ஆறு கிலோ குறைந்திருந்ததால் அவனால் முடிந்தது. தம்பி அழுதான். அவள் என்னிடம் வந்து, "மாமா, உங்க பக்கத்துல வந்துட்டேன்" என்றாள். முதல் இடத்திலிருந்து புறப்படும் உரிமை அவளுக்கு. மதியம் இறுதிப் பந்தயம்.

பக்கத்தில். அந்தச் சொல்லைப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூத்தவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதே கிடையாது.

"மத்தியானத்துக்கு ஒரு தடவை இன்ஜினப் பாத்து மூடிடறேன்" என்றேன். மூன்று பேரும் திரும்பி நின்றார்கள். வளையத்தை எடுத்துவிட்டேன். எடுத்ததோடு விட்டிருந்தால் இந்த அறைக்கு நாம் இருவரும் வந்திருக்க மாட்டோம். எடுத்த இடத்தில் சின்னதை வைத்தேன். அதன் துளை இன்னும் மூன்று மில்லிமீட்டர் குறைவு. பொட்டும் வைத்தேன்.

பந்தயத்துக்கு முன் எல்லா இன்ஜினையும் சோதித்தோமே என்று நீங்கள் கேட்கலாம். வேகத்தைக் கூட்டும் திருட்டைத்தான் உங்கள் ஆட்கள் தேடுகிறார்கள். குறைக்கும் திருட்டுக்கு உங்கள் விதிப்புத்தகத்தில் பக்கமே இல்லை. அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

பந்தயம் தொடங்கும்முன் எல்லா வண்டிகளும் மெதுவாக ஒரு சுற்று வரும் அல்லவா, அப்போது என்னைக் கடந்து போகையில் அவள் கையைத் தூக்கி இன்ஜினைச் சுட்டிக்காட்டினாள். இரண்டு முறை. நிறுத்தவா என்று கேட்டாள். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். மூத்தவர் கட்டைவிரல் உயர்த்திவிட்டார், அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மீதியை நீங்கள் படம் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது வளைவு. பிரேக் மிதிக்காமல் உள்ளே போனாள், அழகாகத்தான் போனாள். வெளியே வரும்போது பெடலை முழுக்க மிதித்தாள். வண்டி மனுவை வாங்கி வைத்துக்கொண்டது. பின்னால் வந்தவனுக்கு முன்னால் நிற்கிற வண்டியைப் பார்த்த மாதிரிதான் இருந்திருக்கும். அவன் மேலே குற்றமில்லை. அவன் வண்டி அவள் மேல் ஏறி இறங்கியது. இடுப்பெலும்பு மூன்று இடத்தில். இனி ஊன்றுகோலோடு நடக்கலாம், கார்ட்டில் உட்கார முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சீங்களா மாமா?"

"பாத்துக்கிட்டிருக்கோம்மா."

"வண்டில ஒண்ணும் இருக்காது. நான்தான் தப்பா ஓட்டிட்டேன் போல. உங்க பேரக் கெடுத்துட்டேன்."

நான் அவள் தலையில் கை வைத்து, பரவாயில்லை என்றேன். அவளை நான் மன்னித்துவிட்டேன். அதுவும் அறிக்கையில் வரலாம்.

இப்போது உங்கள் மேசை மேல் இருக்கும் அந்த வளையத்தைப் பற்றி. சிறுவர் பிரிவுக்கு விற்கும் வளையம் என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் அது கையால் ராவியது. இதோ, என் சட்டைப் பையில் இருக்கும் பெரிய துளை வளையம், முதலில் வைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓரத்தில் ஒரே மாதிரி இரட்டைக் கோடு விழுந்திருக்கும். அதை ராவிய அரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. உங்கள் ஆட்கள் வளையத்தைக் கழற்றியபோது என் தம்பி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் போன வாரம் என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், நின்றான்.

"அண்ணே, இது நம்ம பழைய அரம்."

"ஆமா."

"அது தொலஞ்சு போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே."

"தொலையல. தேஞ்சு போச்சு, தூக்கிப் போட்டேன்."

"அப்ப இந்த வளையம்..."

"இது அப்பவே செஞ்சது."

எங்கள் பட்டறையில் நான் மட்டும் ஓட்டவில்லை, அம்மா. ஒரு காலத்தில் தம்பியும் ஓட்டினான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் 41.3 ஓடிய அடுத்த மாதம், பயிற்சியில் அவன் 41.0 ஓடினான். அப்பாதான் நேரம் எடுத்தார். பலகையில் எழுதவில்லை, பயிற்சிதானே என்றார். ஆனால் பார்த்தவர்கள் வாயை மூட முடியுமா? மூத்தது மோழை, இளையது காளை என்று என் காதுபடச் சொன்னார்கள். சொன்னவர்களில் என் மாமனாரும் ஒருவர். அண்ணன் தம்பி நடுவில் இப்படிப் பேச்சு நுழைந்தால் குடும்பம் சிதறிவிடும். அப்பாவுக்குக் கைநடுக்கம் வந்து, பொட்டு வைக்கும் வேலை அப்போதுதான் என்னிடம் வந்திருந்தது. முதலில் அவன் வண்டியில் பெரிய துளை. அவனும் பிடிவாதக்காரன், சமாளித்துக்கொண்டு ஓட்டினான். அதனால்தான் சின்னதைச் செய்ய வேண்டி வந்தது. ஒரு வருடம் போராடிவிட்டு, "எனக்கு இது வரல அண்ணே" என்று அவனே ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். நான் அவனை வெளியே அனுப்பவில்லை. ஸ்டாப்வாட்ச் கொடுத்தேன். முப்பத்தேழு வருடம் மற்றவர்கள் ஓட அவன் பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறான். குடும்பம் சிதறவில்லை.

என் அறையில் நின்றபடியே அவன் இதையெல்லாம் கூட்டிக் கழித்துவிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியும்" என்றான்.

"தெரியும்தான். தெரியாதுன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கனா?"

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. வயதானால் சிலருக்கு இப்படிக் கோபம் வரும்.

ஆக, உங்கள் அறிக்கையில் எழுத வேண்டியது இதுதான். முப்பத்தெட்டு வருட இடைவெளியில் இரண்டு பேருக்கு, இரண்டு வளையங்களை, முழு நினைவோடு, அளவு பார்த்து, போல்ட்டைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கி, நான் வைத்தேன். வைத்தபோது வேறு யாருக்கும் தெரியாது. 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். குற்றவாளி என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனமில்லாதவன் என்று எழுதினால் நான் எப்படித் தலை நிமிர்ந்து வெளியே போவேன்? என் அப்பா என்ன நினைப்பார்?

ஒரே ஒரு கோரிக்கை. வேலை முடிந்ததும் வளையங்களை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் பேத்திக்கு ஒன்பது வயது ஆகிறது. அம்மா விட்டதை நான் ஓட்டுகிறேன் என்று ஒரே பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை தம்பி அவளைச் சிறுவர் வண்டியில் உட்காரவைத்து ஒரு சுற்று விட்டான். இறங்கி வந்தவளை ஊன்றுகோலை விட்டுவிட்டு மருமகள் கட்டிக்கொண்டாள். தம்பி கடிகாரத்தைப் பார்த்தான், சிரித்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எத்தனை என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டான்.

இரண்டையும் கொடுக்க முடியாது என்றால் பெரிய துளையை மட்டும் கொடுங்கள், போதும். சின்னக் குழந்தைதானே.